வெயிலக்காவின் மைப்புள்ளிகள்

நாலாவது கொடியில் தொங்கும் விரிப்பின் ஓரத்தை இழுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார் வெயிலக்கா. கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா என்று கேட்டால், "கை நாள் பூரா தண்ணியிலேயே கெடக்குது. அதுக்கு எது ஈரம், எது காஞ்சதுன்னு என்ன தெரியும்? கன்னம் பொய் சொல்லாது" என்பார். கன்னம் 'இன்னும் இல்லை' என்கிறது. விரிப்பைத் திருப்பிப் போட்டு, கிளிப்புகளை மாற்றிக் குத்திவிட்டு, ஐந்தாவது கொடிக்கு நகர்கிறார்.

மூன்று மாடிச் சலவை நிலையம் அது. கீழே அவருடைய வீட்டுக்காரர் துவைக்கிற மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறார். நடுவில் நாலு பெண்கள் இஸ்திரி போடுகிறார்கள், அதற்கு மேலே மடித்து அடுக்குகிறார்கள். மொட்டைமாடி வெயிலக்காவின் ராஜ்ஜியம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ரேஷன் கார்டைப் புரட்டினால்தான் அது அவருக்கே நினைவுக்கு வரும். ஐம்பத்திரண்டு வயது. முகத்தில் ஒரு பாதி மற்றப் பாதியைவிடக் கொஞ்சம் கறுத்திருக்கும். வலது கைக்காரி ஆனதால் கொடியில் வேலை செய்யும்போது எப்போதும் இடது கன்னத்தைத்தான் வெயிலுக்குக் காட்டுகிறார். "ஒரு பக்கம் வெந்தாச்சு, திருப்பிப் போடுங்க" என்று இஸ்திரிப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சலவைக்கு வருவதெல்லாம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியின் துணி. விரிப்பு, தலையணை உறை, பச்சைக் குழந்தையைச் சுற்றும் வெள்ளைத் துணி. காலையில் எடுத்தது சாயங்காலம் திரும்பிப் போய்விட வேண்டும், அதுவும் வெயிலில் காய்ந்து போக வேண்டும். அதுதான் ஆஸ்பத்திரியின் ஒரே நிபந்தனை. ஒருநாள் துணி தங்கிவிட்டால் தலைமை நர்ஸ் போன் போட்டுவிடுவார். உலர்த்துகிற மெஷின் ஒன்று கீழே இருக்கத்தான் செய்கிறது. அடைமழைக்கு மட்டும் அதை ஓட்டுவார்கள். அது மின்சாரத்தைக் குடிக்கிற குடியைப் பார்த்து வெயிலக்கா அதற்கு 'மொடாக்குடியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்.

சூரியனைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்கிற புது ஆள், கூட வேலை செய்கிற யாரையோ சொல்கிறார் என்றுதான் நினைப்பார். "நம்மாளு இன்னைக்கு முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு" என்றால் மேகமூட்டம். "நம்மாளு தெக்க போயிட்டாரு" என்றால் பகல் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கு நாலு சுற்றுத் துணி காயும், டிசம்பரில் இரண்டரைதான். கைக்கடிகாரம் கட்டுவதில்லை. ப்ளீச்சிங் தண்ணீர் பட்டு இரண்டு கடிகாரம் செத்துப்போனதற்குப் பிறகு அந்த ஆசையே விட்டுப்போனது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மாடிப்படியின் வாசலைத் தொட்டால் டீ வர வேண்டும். வரவில்லையென்றால் மேலிருந்து ஒரு குரல் கிளம்பும், அதற்குக் கடிகாரமே தேவலை என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள்.

கொடி கட்டுவதில் அவருக்கு ஒரு சூத்திரம் உண்டு. கோடையில் சூரியன் நடு உச்சியில் நிற்பதால் ஒரு விரிப்பின் நிழல் இன்னொன்றின் மேல் விழாது. ஆள் நுழைகிற இடைவெளியில் பன்னிரண்டு கொடி கட்டலாம். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்துவிடும். அப்போது முன்னால் தொங்குகிற துணி பின்னால் தொங்குகிற துணிக்குக் குடை பிடிக்கும். ஆகவே ஆறே கொடி, அதையும் மாடியின் தெற்கு ஓரத்துக் கம்பித் தடுப்பிலிருந்து வடக்குச் சுவர் வரை பரத்திக் கட்ட வேண்டும். அதாவது பகல் குறுகக் குறுக அவருக்கு இடம் அதிகம் வேண்டும்.

எந்த வாரம் கொடியை நகர்த்துவது என்பதை முன்பெல்லாம் உத்தேசமாகத்தான் முடிவு செய்தார். ஒரு வருடம் பத்து நாள் பிந்திவிட்டது. கடைசிக் கொடித் துணியில் புழுங்கின வாடை அடித்து, நர்ஸ் அதை அப்படியே திருப்பி அனுப்பினார். அந்த அவமானத்தை அவர் மறக்கவில்லை. மறு வாரமே மாடியின் நடுவில், ஆள் நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, தன் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பத்தை நட்டுச் சிமெண்டு வைத்துப் பூசினார். தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் நண்பகல் பன்னிரண்டுக்கு மணி அடிப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை, மணி கேட்டதும் கம்பத்தின் நிழல்நுனி எங்கே விழுகிறதோ அங்கே ஒரு நீலப் புள்ளி. துணி மாறிப் போகாமல் இருக்கக் குறி போடுவார்களே, அந்த மை. ஐம்பது துவைப்புக்கும் அசையாத மை, அவரே காய்ச்சுவது. ஜூனில் புள்ளி கம்பத்தின் காலடியில் விழும். டிசம்பரில் அவர் உயரத்துக்கு வடக்கே போய் விழும். இந்தப் புள்ளி வந்தால் இந்தக் கொடி நகர வேண்டும் என்று கணக்கு கைக்குள் வந்துவிட்டது.

ஆனால் புள்ளிகள் ஒழுங்காக ஒரு கோட்டில் வரவில்லை. நவம்பரில் கிழக்கே ஒதுங்கின, பிப்ரவரியில் மேற்கே ஒதுங்கின. நிழல் நேராக விழாததற்கு யார் பொறுப்பு? சூரியனை வெயிலக்கா சந்தேகப்படுவாரா! பழி பள்ளிக்கூட மணிக்காரர் தலையில் விழுந்தது. நவம்பரில் அந்த மனிதர் கால் மணி நேரம் பிந்தி அடிக்கிறார், பிப்ரவரியில் கால் மணி நேரம் முந்தி அடிக்கிறார். தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"ஏண்ணே, குளிர் வந்தா தூக்கம், பிப்ரவரி வந்தா பசியா? புள்ளைங்க படிப்பு என்ன ஆகுறது?" என்று பால் வாங்குகிற இடத்தில் வைத்து நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

மணிக்காரர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற மனிதர். முப்பது வருடமாக ரேடியோவில் 'பீப்' வந்த பிறகுதான் கயிற்றை இழுக்கிறார். "ஏம்மா, என் மணியில ஒரு நிமிஷம் குறை சொன்னவங்க இந்தத் தெருவுல கிடையாது. உன் கம்பத்தை நேரா நடு, அப்புறம் என் பக்கம் வா" என்றார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. ஒரு வருடத்துக்கு மேல் இருவரும் ஒரே கடையில் ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டு பால் வாங்கினார்கள்.

கிரகணம் வந்துதான் அவர்களைப் பேச வைத்தது. பாதிக் கிரகணம், காலை பத்து மணிவாக்கில். பிள்ளைகள் வெளியே வந்து வெறும் கண்ணால் பார்த்துவிடக் கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு அன்று விடுமுறை. வேலை இல்லாத மணிக்காரர் ரேடியோவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பன்னிரண்டு மணி 'பீப்'பை நேரிலேயே கேட்க வைத்துப் பழியைத் துடைத்துவிடுவது என்று மாடிப்படி ஏறினார். சண்டை போட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கொடியில் தொங்கிய கிளிப் கூடையின் ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு சின்ன வெளிச்சம் வெள்ளை விரிப்பில் விழுந்திருந்தது. வட்டமாக இல்லை, பிறைபிறையாக. ஒரே விரிப்பில் நாற்பது ஐம்பது பிறை, காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து ஆடின.

"நம்மாளை யாரோ கடிச்சுட்டாங்கண்ணே" என்றார் வெயிலக்கா.

"வலிக்கும்போல" என்றார் மணிக்காரர்.

அன்று துணி காய முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. கிரகணத்தைப் பற்றி இன்றைக்கும் அவர் முதலில் சொல்வது அதைத்தான். பன்னிரண்டுக்கு ரேடியோ 'பீப்' சொன்னபோது, நிழல்நுனி மணிக்கு வைத்த அந்த வாரத்துப் புள்ளியிலேயே நின்றது. மணிக்காரர் நேர்மையானவர் என்று பாதி நம்பிக்கை வந்தது. மீதிப் பாதியைக் கோணல் புள்ளிகள் வரவிடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தெற்குப் பக்கத்துக் காலிமனையில் ஒரு பலகை முளைத்தது. ஆறு மாடி. நடுவில் பத்தடிச் சந்து மட்டும். ஜூன் மாதம் ஒரு நாள் கட்டட இன்ஜினியர் கையில் வரைபடத்தோடு மாடிக்கு வந்தார். மரியாதை தெரிந்த பையன். அக்கம்பக்கத்தில் ஆட்சேபம் இல்லை என்று கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"உங்க வெயிலுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. இப்ப மணி பன்னிரண்டு. உங்க கம்பத்து நிழல் எங்க இருக்கு பாருங்க, காலடியில! கட்டடத்து நிழலும் அப்படித்தான், சந்துக்குள்ளேயே விழுந்துடும்."

"தம்பி, விருந்தாளி வந்த அன்னைக்கு வீடு சுத்தமாத்தான் இருக்கும். டிசம்பர்ல வந்து பாருங்க."

"குளிர்ல கொஞ்சம் வரும். ஒரு நாலடி."

வெயிலக்கா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போய் வடக்கே கடைசிப் புள்ளியில் நிறுத்தினார். "கம்பம் என் உயரம். டிசம்பர்ல அதோட நிழலும் என் உயரம். என் உயரத்துக்கு என் உயரம்னா, உங்க உயரத்துக்கு உங்க உயரம்தானே? எங்க மாடிக்கு மேல உங்க கட்டடம் முப்பதடி. சந்து பத்தடி முழுங்கும். மிச்சம் இருபதடி எங்க மேலதானே வந்து விழும்? எங்க மாடியே நாப்பதடி!"

இன்ஜினியர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. கம்ப்யூட்டரில் வந்த படம் கையில் இருக்கும்போது தரையில் கிடக்கிற மைப்புள்ளியை யார் மதிப்பார்கள்? ஆனால் அந்தச் சிரிப்பு அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. பாதி மாடி நிழலில் போனால் ஆறு கொடியில் மூன்று போகும். மூன்று போனால் ஆஸ்பத்திரித் துணி அன்றன்றைக்குத் திரும்பாது. ஆஸ்பத்திரி போனால் கீழே இஸ்திரி போடுகிற நாலு பேருக்கும் வேலை இல்லை. கையெழுத்துப் போடவில்லை. நகரமைப்பு அலுவலகத்துக்கு மனு எழுதினார். எழுதிக் கொடுத்தவர் மணிக்காரர்தான், அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அலுவலகத்திலிருந்து பதில் வர செப்டம்பர் ஆனது. 'அதிகாரி நேரில் வருவார். ஆதாரத்தைத் தயாராக வைக்கவும்.'

செப்டம்பரில் என்ன ஆதாரம் இருக்கிறது? சூரியன் நடுவில் நிற்கும் மாதம், டிசம்பர் நிழலை டிசம்பரில்தான் காட்ட முடியும். இருப்பது இரண்டு வருடத்துப் புள்ளிகள் மட்டும். முந்தின நாள் மாலையில் வீட்டுக்காரர் மேலே வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தார்.

"ஏம்மா, இதையா காட்டப் போற? எட்டு போட்ட மாதிரி கோணலா கெடக்குது. குடிச்சுட்டு வச்ச புள்ளின்னு சொல்லுவாங்க. ஒதுங்கினதையெல்லாம் அழிச்சுட்டு நேரா ஒரு வரிசை வச்சுடு. நீளம் மாறப்போறதில்லையே."

"மணிக்காரர் செஞ்ச கோணல்ங்க அது."

"அதிகாரி மணிக்காரரையா பார்க்க வர்றாரு?"

வெயிலக்கா அரிச்சந்திரன் பரம்பரை இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பயம் வந்தால் யாருக்கும் புத்தி கொஞ்சம் வளையும். நார்க்கட்டையும் ப்ளீச்சிங் பவுடரும் எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்து நவம்பர் புள்ளி ஒன்றைத் தேய்த்தார். பிப்ரவரிப் புள்ளி ஒன்றையும் தேய்த்தார். அரை மணி நேரம் தேய்த்தும் இரண்டும் லேசாக வெளுத்ததோடு சரி. போகவில்லை. ஐம்பது துவைப்புக்கும் அசையாத மை, காய்ச்சினவருக்கு மட்டும் அசைந்து கொடுக்குமா?

"என்னடி மை இது!" என்று வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

வெயிலக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நார்க்கட்டையை வாளியில் போட்டுவிட்டு எழுந்தார். "வர்றது வரட்டும்ங்க" என்றார்.

மறுநாள் அதிகாரி வந்தார். ஒல்லியான அம்மாள், தோளில் ஒரு பை, காலில் கேன்வாஸ் ஷூ. இன்ஜினியரும் வந்தார். மணிக்காரர் சாட்சி சொல்ல ரேடியோவோடு வந்து படிவாசலில் நின்றார்.

இன்ஜினியர்தான் முதலில் பேசினார். "மேடம், எப்பவும் ஒரே நேரத்துல குறிச்சா நிழல் நேர்கோட்டுலதானே போகணும்? இது எட்டு மாதிரி வளைஞ்சு கெடக்குது. அவங்களுக்குத் தோணுன இடத்துல வச்சிருக்காங்க."

அதிகாரி பையிலிருந்து டேப்பை எடுத்தார். தரையில் மண்டியிட்டு நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார். கம்பத்துப் பக்கத்து வட்டம் சின்னது, மூன்று விரல் அகலம். வடக்கு வட்டம் பெரியது, ஒரு சாண். போன வருடத்துப் புள்ளியும் அதற்கு முந்தின வருடத்துப் புள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே பாதையில் உட்கார்ந்திருந்தன. அவர் விரல் வெளுத்துப்போன இரண்டு புள்ளிகளில் வந்து நின்றது.

"இது ரெண்டு மட்டும் ஏன் வெளுத்திருக்கு?"

வெயிலக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் சட்டென்று தண்ணீர்த் தொட்டியை ஆராயத் தொடங்கிவிட்டார்.

"நான்தாங்க மேடம். நேத்துத் தேய்ச்சேன். கோணலா இருக்குதே, நீங்க நம்ப மாட்டீங்களேன்னு நேராக்கப் பார்த்தேன். போகல." அதே மூச்சில், "கோணலுக்குக் காரணம் இந்த அண்ணன்தான். நவம்பர்ல பிந்தி அடிப்பாரு, பிப்ரவரியில முந்தி அடிப்பாரு" என்றார்.

"அட, இன்னமுமா!" என்றார் மணிக்காரர்.

அதிகாரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "இவர் சரியாத்தான் அடிச்சிருக்கார். முப்பது வருஷம் அடிச்சாலும் இந்த எட்டு இப்படியேதான் வரும். பூமி சூரியனைச் சுத்துறப்ப ஒரு சமயம் வேகமா ஓடுது, ஒரு சமயம் மெதுவா ஓடுது. அதுவும் சாஞ்சபடி சுத்துது. அதனால சூரியன் உச்சிக்கு வர்ற நேரம் வருஷத்துல கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். கடிகாரத்துக்கு அதெல்லாம் தெரியாது, எல்லா நாளும் அதுக்கு ஒரே நாள்தான்." இன்ஜினியர் பக்கம் திரும்பினார். "பொய்யாக் குறிக்கிறவங்க நேர்கோடுதான் போடுவாங்க. நீங்களே நேர்கோடுதான் வரும்னு நெனச்சீங்க. இப்படி ஒரு எட்டைக் கற்பனை பண்ணி வைக்க ஊர்ல யாருக்குத் தெரியும்? இவங்க பார்த்ததை வச்சிருக்காங்க."

இன்ஜினியரின் முகம் சிவந்தது. ஆனாலும் அந்தப் பையனிடம் ஒரு நல்ல குணம், தோற்றதும் குனிந்து பார்த்தார். டிசம்பர்ப் புள்ளி வரை அவரும் டேப்பை இழுத்தார்.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. நாலாவது மாடிவரை பாதகமில்லை. ஐந்தாவது மாடி வடக்குப் பக்கம் பத்தடி உள்ளே தள்ள வேண்டும், ஆறாவது அதற்கும் பத்தடி உள்ளே. கட்டடம் படிக்கட்டுப் போல ஏறும். அப்படித் தள்ளியதில் மேலே இரண்டு வீடுகளுக்குத் திறந்த மாடி கிடைத்தது என்றும், முதலில் கேட்டு வந்தவர்கள் அந்த இரண்டு வீட்டைத்தான் கேட்டார்கள் என்றும் பிறகு தெரிந்தது.

உத்தரவு வந்த அன்றைக்கு வெயிலக்கா பால் வாங்குகிற இடத்துக்குப் போய், அதே நாலு பேர் முன்னால் மணிக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, தப்பு உங்க மேல இல்ல. நம்மாளு மேலயும் இல்ல. பூமிதான் ஓடுறதுல ஒழுங்கு இல்லாம ஓடுதாம்."

"போகட்டும் விடும்மா. அதையும் கூப்பிட்டுத் திட்டிடாத" என்றார் அவர்.

அப்படியும் பயம் முழுதாகப் போய்விடவில்லை. காகிதத்தில் எழுதுவது ஒன்று, கட்டி எழுப்புவது ஒன்று. மறு வருடம் தெற்கே தளம் தளமாக ஏற ஏற, வெயிலக்கா துணி போடும்போதும் எடுக்கும்போதும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் கடைசியில் கொடிகளைப் பரத்திக் கட்டியபோது, கம்பித் தடுப்பை ஒட்டிய முதல் கொடியை மட்டும் வெறுமனே விட்டார். நனைத்த துணியை அங்கே போட்டு அது நிழலில் கிடப்பதைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

டிசம்பரில் வருடத்தின் மிகக் குறுகிய பகல் வந்தது. கட்டடம் முழு உயரத்துக்கு நின்றது. பதினொன்றரைக்கு இன்ஜினியர் யாரும் அழைக்காமலே மாடிப்படி ஏறி வந்தார், தலையில் மஞ்சள் ஹெல்மெட், ஷூவில் சிமெண்டு. வெயிலக்கா வணக்கம் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. இருவரும் கம்பித் தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்தார்கள். காலையில் மாடியின் மேல் சாய்ந்திருந்த நிழல் மெல்ல மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம். ஒரு சாண். நாலு விரல்.

மணி அடித்தது. படிப்படியாக ஏறின கட்டடத்தின் நிழல் கம்பித் தடுப்பின் காலடியில் வந்து நின்றது. அதற்கு இந்தப் பக்கம் தரை முழுக்க வெயில். முதல் கொடி வெயிலில் மின்னியது.

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

வெயிலக்கா காதில் வாங்கவில்லை. குனிந்து வாளியிலிருந்து பிழிந்து வைத்த பெரிய விரிப்பு ஒன்றை எடுத்து, முதல் கொடிக்கு முன்னால் வந்து நின்று, உதறுவதற்காக அதன் இரண்டு முனையை இன்ஜினியர் கையில் கொடுத்தார்.